செருப்பு சொன்ன பதில்

என் மனைவியின் வலது செருப்பின் குதியை நான் சவர பிளேட்டால் குடைந்தபோது அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். தடித்த ரப்பர் அடி. ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்டக் கருவி ஒன்றை உள்ளே வைத்து, மேலே ரப்பர்த் துண்டை ஒட்டி, ஓரங்களைத் தேய்த்து மட்டப்படுத்தி, வாசற்படியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். வாளிச் சத்தம் நின்றது. நானும் எழும்பிவிட்டேன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் நான் செய்ததில்லை.

என் உத்தியோகம் றேடியோ. முதலில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களோடு பேசுகிற நிலையத்தில் இருந்தேன். பிறகு றேடியோக் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் மேசைக்கு மாறினேன். யார், எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில், யாருடைய சம்மதத்தோடு ஒரு சமிக்ஞையை வெளியே விடலாம் என்பதற்கெல்லாம் என்னிடம் விதி இருந்தது. நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் அனுமதியில்லாமல் வோக்கிடோக்கி வைத்திருந்ததற்காக, அவரைத் திரும்பத் திரும்பக் கந்தோருக்கு அலைய வைத்தவன் நான். அவர் ஒரு வழியாக எல்லாப் பத்திரங்களையும் கொண்டுவந்து சேர்த்தபோது அந்தக் கருவிகளின் பற்றரிகள் செத்துப்போயிருந்தன. விதி மட்டும் உயிர் பிழைத்தது. அப்படிப்பட்டவன்தான், சொந்த வீட்டில், சொந்தப் பெண்சாதியின் செருப்பில், ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு ஒலிபரப்பியைப் பொருத்தினேன்.

அவள் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மறதி அவளிடம் மெதுவாகத்தான் வந்தது. முதலில் தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டாள். பிறகு மருமகனின் பெயர் போயிற்று. பிறகு ஒரு நாள் பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கிளினிக்கில் வைத்தியர் இது தொடக்கம்தான் என்றார். உப்புவெளி வீட்டுக்கு ஓட்டோவில் திரும்பினோம். பெருந்தெருவை விட்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் அவள் சொன்னாள்.

“இஞ்சருங்கோ, என்னை வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டாதேங்கோ. எனக்குப் பின்னால வரவும் வேண்டாம். எங்க போறன் எண்டு ஒவ்வொரு முறையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போறன். அது போதும்.”

“சரி” என்றேன். ஒப்பந்தம் அவ்வளவுதான். அவள் அதை ஒரு நாளும் மறக்கவில்லை என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

கருவிகளை அனுப்பியது மெல்பேர்ணில் இருக்கும் மகள். நான்தான் கேட்டேன். அகன்ற அலைப்பட்டையில் இயங்கும் குறுந்தூர றேடியோ பற்றி ஓய்வுக்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தேன். வாசித்தபோது கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நாங்கள் படித்த றேடியோ கத்துகிற றேடியோ. உயர்ந்த கம்பம், அலுமாரி அளவு கருவி, வங்காள விரிகுடா முழுவதற்கும் கேட்க வேண்டும் என்று ஒரே அலைவரிசையில் முழு மூச்சையும் கொட்டுவது. இது அதற்கு நேர்மாறு. நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு துணுக்கு நேரத்துக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பின் சக்தி ஒரே இடத்தில் குவியாமல் மிக அகன்ற பட்டை முழுவதும் பரவிக் கிடக்கும். பக்கத்தில் வேறு றேடியோ இருந்தால் அதை வெறும் இரைச்சல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். துடிப்பை அனுப்பியதும் கருவி நித்திரைக்குப் போய்விடும். அதன் வாழ்க்கையில் பெரும் பகுதி நித்திரைதான். அதனால்தான் ஒரு சின்ன வட்டப் பற்றரியில் மாதக்கணக்கில் ஓடுகிறது. எங்கள் கந்தோரிலும் பெரும் பகுதி நித்திரையிலேயே காலம் கழித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கேட்டவுடன் பதில் சொல்கிற பழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தப் பதிலில்தான் இதன் கெட்டித்தனம். ஒரு கருவி கேட்கும்: இருக்கிறாயா? மற்றது சொல்லும்: இருக்கிறேன். கேள்வி போய்ப் பதில் வந்து சேர எடுத்த நேரத்தை அளந்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும். துடிப்பு அவ்வளவு குறுகியது என்பதால் அந்த நேரத்தை மிக நுணுக்கமாக அளக்கலாம். கணக்கு ஒரு சாண் முன்பின்னாக வந்துவிடும். நான்கு மூலைகளில் அசையாத கருவிகளைப் பொருத்தினால், அசைகிற ஒன்று எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். அந்த அசையாக் கருவிகளை நங்கூரம் என்று சொல்வார்கள். தெருவாசல் படலையில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, பின்வேலியில் ஒன்று என்று பூட்டினேன். எலிக்காக, பூனைக்காக என்று அவளுக்கு ஏதோ சொன்னேன். மகள் தொலைபேசியில் கேட்டாள்: “அப்பா, அம்மாட்டக் கேட்டனீங்கள்தானே?”

“ஓம்” என்றேன்.

அசைகிற கருவியை அவளில் எங்கே வைப்பது என்பதுதான் நான் முழு அக்கறையோடு ஆராய்ந்த ஒரே கேள்வி. சேலை துவைக்கப் போகும். கைப்பையை அவளே மறந்துவிடுவாள். சங்கிலியில் போட்டால் கண்டுபிடித்துவிடுவாள். அதோடு உடம்பில் இருக்கிற தண்ணீர் இந்த மெல்லிய அலையைக் குடித்துவிடும். முதுகைத் திருப்பினால் புள்ளி காணாமல் போகும். செருப்பு இல்லாமல் அவள் படலையைத் தாண்டுவதில்லை. ஆகவே செருப்பு. புள்ளி வாசற்படியில் நின்றால் ஆள் வீட்டுக்குள். புள்ளி படலையைத் தாண்டினால் என் கைத்தொலைபேசி மணியடிக்கும். வீட்டுக்குள் செருப்புப் போடாத எங்கள் பழக்கத்தையும் கணக்கில் சேர்த்து எழுதிய விதி. மிகவும் திருப்தியாக இருந்தது.

வேலையும் செய்தது. அதுதான் பிரச்சினை. முன்பெல்லாம் அவள் வந்து “கடைக்குப் போறன்” என்றால், எந்தக் கடை, என்ன வாங்க, எந்தப் பக்கத்தால் என்று கேட்பேன். அவளும் அலுக்காமல் சொல்வாள். புள்ளி வந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். கேட்க என்ன இருக்கிறது? மணியடிக்கும், நான் படலைவரை போய் ஒழுங்கையில் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துக்கொள்வேன். அவளோ ஒவ்வொரு முறையும் என் அறை வாசலில் வந்து நின்று, ஓட்டோவில் ஒப்புக்கொண்டபடி, எங்கே போகிறேன் என்று சொன்னாள். நான் திரையைப் பார்த்தபடி “ஓம்” என்றேன். திரையில் படலையை நோக்கி நகரும் புள்ளியைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. வாசலில் நிற்கிற ஆளைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சிநேகிதி கிண்ணியாவிலிருந்து வந்திருந்தார். பாலத்தைத் தாண்டி, இரண்டு பஸ் ஏறி, மாதத்தில் ஒரு தரமாவது வருவார். ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று குசினி அடுப்படியில் இருந்து கேட்ட பேச்சு இது.

“டீச்சருக்கு மறதி வந்தது எனக்கு வசதி. ஒரே கதைய ஒவ்வொரு மாசமும் புதுசாச் சொல்லலாம்.”

“நீங்கள் எனக்கு மறதி வர முந்தியும் அப்பிடித்தானே டீச்சர்.”

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போய், ஒரே மாதிரி மண்ணிறத்தில் ஆளுக்கொரு சோடிச் செருப்பு வாங்கியவர்கள். எனக்கு அது தெரியும். வாசற்படியில் இரண்டு சோடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை அன்று காலை கண்டும் இருந்தேன். என் விதியில் அதற்கு இடம் இருக்கவில்லை.

மதியத் தொழுகைக்காகச் சிநேகிதி மகளின் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். நான் பின்வேலி நங்கூரத்தின் அளவு ஏன் ஒரு முழம் பிழைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “ஓம்” என்றேன். அவள் போனாள். மணி அடிக்கவில்லை. புள்ளி வாசற்படியில் இருந்தது. ஆள் வீட்டுக்குள்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். மணி அடித்தது. புள்ளி படலையைத் தாண்டிவிட்டது. இந்த வெயிலில் எங்கே போகிறாள் என்று எரிச்சலோடு எழும்பினேன். வீட்டுக்குள் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். திரை சொல்லிவிட்டதே. படலையில் நின்று பார்த்தேன். ஒழுங்கை வெறுமையாக இருந்தது. கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தால் திரையில் ஓர் அம்பு வரும், எத்தனை மீற்றர் என்றும் சொல்லும். ஆனால் தூரம் கொஞ்சம் கூடினாலோ மதில் குறுக்கே வந்தாலோ அம்பு மறைந்துவிடும். ஆகவே அது வந்தும் மறைந்தும் காட்டிய பக்கம் நடந்தேன். ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் பட்டப்பகலில் கைத்தொலைபேசியைத் தீபத் தட்டுப் போல ஏந்திக்கொண்டு, பெண்சாதியின் செருப்பைத் தேடிப் பதுங்கிப் பதுங்கிப் போகிற காட்சியை யாராவது பார்த்தார்களோ தெரியாது.

திருப்பத்தில் அம்பு உறுதியாக நின்றது. மீற்றர் குறைந்தது. பெட்டிக்கடைப் பந்தலின் நிழலில் சிநேகிதி நின்றார்.

“அண்ணனும் டீச்சரத் தேடியா வாறீங்க?” என்றார். “தொழுதுட்டு வந்து பாத்தன், வீட்டுல ஆளில்ல. என்ட செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போயிட்டா. கடைக்குத்தான் எண்டு நினைச்சு, அவட செருப்பப் போட்டுக்கொண்டு நானும் வந்தன். கடைக்காரருக்கும் தெரியாதாம்.”

நான் கைத்தொலைபேசியை மறைக்கப் பிந்திவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார். வலது காலைச் சற்று நகர்த்தினார். அம்பு நகர்ந்தது. இடப்பக்கம் வைத்தார். அம்பும் இடப்பக்கம் போனது.

“இது என்ன, என்ட காலயா காட்டுது?”

நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மிகச் சுருக்கமாகச் சொன்னேன். பாதுகாப்பு, வைத்தியர், மகள் என்று காரணங்களும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இரண்டு செருப்பையும் கழற்றி, சுடுமணலில் வெறுங்காலோடு நின்றார்.

“டீச்சருக்குத் தெரியுமா?”

“இல்லை.”

“இத நான் போட்டுக்கொண்டு நடக்க மாட்டன் அண்ணன். நீங்களே கொண்டு வாங்க.” செருப்பை என்னிடம் தந்தார். “அது கிடக்கட்டும். அவ சொல்லாமப் போற ஆளில்லயே. எங்க போறன் எண்டு சொன்னா?”

எனக்கு ஞாபகம் வரவில்லை. இடி மின்னல் இரைச்சலுக்குள்ளே, உடைந்த ஆங்கிலத்தில், எங்கோ நடுக்கடலில் இருந்து வந்த குரலைக்கூட ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வாங்கி எழுதியவன் நான். வந்த செய்தியைத் திரும்பச் சொல்லி, மறுபக்கம் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் அது கிடைத்த செய்தி என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆறடி தூரத்தில், அமைதியான அறையில், என் மனைவி சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் மிஞ்சியிருக்கவில்லை. நான் சொன்ன “ஓம்” மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

கோயிலடிக்குப் போனோம். பஸ் தரிப்பிடத்துக்குப் போனோம். பிறகு பாமசியில் மருந்து கொடுப்பவரிடம் கேட்டோம். சிநேகிதி பெட்டிக்கடைக்காரர் கொடுத்த ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பெருந்தெருவில் பஸ்கள் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, தெருவின் இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் கையில் ஒரு சோடிச் செருப்பு. மற்றக் கையில், அந்தச் செருப்பு மிக அருகில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்த கைத்தொலைபேசி.

கடற்கரைப் பக்கமிருந்து மீன் பையோடு வந்த ஒருவரைக் கண்டதும்தான் சிநேகிதி நின்றார். “கரைவலை” என்றார். “கீரி மீன் பொரிச்சுத் தாறன் எண்டு காலமையே சொன்னவ.”

கடற்கரையில் வலை இழுத்து முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். கயிறு சுற்றிக்கொண்டிருந்த இருவர் மட்டும் நின்றார்கள். கரையில் ஏற்றிவைத்த தோணி ஒன்றின் நிழல் ஒரு முழம் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அதற்குள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அவள் இருந்தாள். காலில் தனக்குப் பெரிதான செருப்பு. மடியில் மீன் பை. முகம் வெயிலில் சிவந்து, உதடு காய்ந்திருந்தது.

“திரும்பி வாற வழி பிடிபடேல்ல” என்றாள். குரலில் பயம் இருக்கவில்லை. “அங்க இங்க நடந்து இன்னும் துலைஞ்சு போகாம இதிலயே இருப்பம் எண்டு இருந்தனான். உங்களுக்குத்தான் நான் இஞ்ச வந்தது தெரியும்தானே.”

ஆபத்தில் இருக்கிற கப்பல், தான் அறிவித்த இடத்தைவிட்டு நகராமல் இருக்க வேண்டும். தேடி வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். அவள் செய்தது முறைப்படி சரி. அறிவித்தலைக் கேட்ட நிலையம்தான் வேலை செய்யவில்லை.

சிநேகிதி அவளைக் கைபிடித்து எழுப்பினார். “எங்கட செருப்பு மாறிப் போச்சு டீச்சர்” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவினார். பாதி பழுதாகிவிட்டது, தேறினதைப் பொரித்தார். பஸ்ஸுக்குப் போகும்போது படலையடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “நான் சொன்னா அது கோள் மூட்டுறது. நீங்க சொல்லுங்க. இண்டைக்கே சொல்லுங்க.”

அன்று பின்னேரமே விறாந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்னேன். செருப்பைக் காட்டினேன். ஒட்டிய ரப்பர்த் துண்டைப் பெயர்த்துக் கருவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எப்படித் தூரம் கண்டுபிடிக்கிறது என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. கேள்வி, பதில், இடையிலுள்ள நேரம், ஒளியின் வேகம் என்று வரிசையாக விளக்கினேன். அவள் கணக்கைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அந்தப் பகுதி இன்னும் பழுதாகவில்லை.

“அப்ப மற்றப் பக்கம் பதில் சொல்லாட்டி உங்களுக்குத் தூரம் தெரியாது.”

“தெரியாது.”

“நான் பதில் சொல்லிக்கொண்டுதானே இருந்தனான். ஒவ்வொரு நாளும் வந்து சொன்னனான்.” கருவியைக் கதிரைக் கையில் வைத்தாள். “நீங்கள் என்னைக் கேக்கேல்ல. செருப்பைக் கேட்டிருக்கிறீங்கள்.”

அதன் பிறகு அன்று அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்னும் ஒரு கிழமையாவது அப்படி இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு வந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், இண்டைக்குக் காற்றுக் குறைவு என்றாள். அவளுக்கு ஞாபகம் இல்லை. கருவியும் இல்லை, கடற்கரையும் இல்லை, கோபமும் இல்லை. நான் தப்பிவிட்டேன். தேத்தண்ணியை மேசையில் வைத்தேன்.

ஆகவே திரும்பவும் சொன்னேன். கோபம் வந்தது; முதல் நாள் அளவுக்கு வரவில்லை. யோசித்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் கயிற்றில் கட்டித் தாருங்கோ, வேண்டும் என்றால் போடுவன் என்றாள். கட்டிக் கொடுத்தேன். முதுகுப் பக்கம் சமிக்ஞை போகாது என்பதைச் சொல்லவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், மேசையில் கிடக்கிற அதை எடுத்து, “இது என்ன?” என்று கேட்கிறாள். நான் ஒவ்வொரு காலையும் முழுக்கதையையும் சொல்லிச் சம்மதம் கேட்கிறேன். நான் கொடுத்த அனுமதிப்பத்திரங்கள் ஒரு வருடத்துக்குச் செல்லும். இது ஒரு நாளைக்குத்தான். ஒரு நாள் களைப்பில், பிறஷர் பார்க்கிற சாமான் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்பிடியே” என்று போட்டுக்கொண்டாள். மத்தியானம்வரை அவள் கழுத்தில் அது தொங்குவதைப் பார்க்க முடியாமல், சாப்பாட்டு மேசையில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவள் கழற்றிச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கறியை இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். அந்தப் பொய் எவ்வளவு சுலபம் என்பது இப்போது இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் ஞாபகம் இருக்கிறது.

இன்று காலை கதையைக் கேட்டுவிட்டு, “இண்டைக்கு வேண்டாம்” என்றாள். என் அறை வாசலில் நின்று சொன்னாள். நான் திரையைக் கவிழ்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

“கடற்கரைக்குப் போறன். கோயிலடியால போய் அதே வழியால வாறன். மீன் இல்லாட்டி உடன திரும்புவன்.”

“கடற்கரை” என்றேன். “கோயிலடியால போய் அதே வழியால வாறீர். மீன் இல்லாட்டி உடன திரும்புவீர்.”

“சரி” என்றாள்.

வாசற்படியில் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு படலை. மேசையில் கிடந்த கருவியைக் கைத்தொலைபேசி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு சாண் தூரத்திலிருந்து ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் படலையடிக்குப் போனேன். அவளுக்குப் பின்னால் போகவில்லை. நிழல் இருக்கிற பக்கமாக, மதிலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.